நைனாவின் முட்டிவலி

எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போவதோடு அது முடிவதில்லை. டாக்டர் முன்னால் இருக்கும் ஸ்டூலில் நோயாளியை உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டு நான் பேசுவேன். டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார். பதில் என்னிடமிருந்து போகும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பத்தாவது வரை தமிழில் படித்தேன், ப்ளஸ் டூவுக்குச் சமமான இன்டரை ஆங்கிலத்தில் முடித்தேன், தெலுங்கைப் பஸ்ஸில் கற்றுக்கொண்டேன். இத்தனையும் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அநியாயம் என்று எனக்குத் தோன்றும்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, நாம வாய மூடிக்கலாம்" என்பாள் எதிர்வீட்டு அத்தை. அதில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. கிண்டலைக் கழித்துவிட்டு மிச்சத்தை நான் எடுத்துக்கொள்வேன். நீட் மார்க் வந்த பிறகும் அந்தப் பட்டத்தைத் தெரு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நானும் மார்க்கைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அப்போதுதான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு இருப்பது தெரிந்து விண்ணப்பம் போட்டேன்.

"அது இன்னாடி, நர்சா?" என்றாள் அத்தை.

"இல்லத்த."

"கம்பவுண்டரா?"

"இல்லத்த! டாக்டருக்கு அடுத்தது. நோயாளிகிட்ட மொதல்ல நாங்கதான் பேசுவோம். இன்னா தொந்தரவுன்னு கேட்டு டாக்டருக்குச் சொல்லுவோம்."

"அதத்தான இப்பவே பண்ணிக்கினு கீற. அதுக்கு எதுக்கு படிப்பு?"

சரியான கேள்விதான். ஆனால் அன்றைக்கு அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு, சீட் கிடைத்துவிட்ட மாதிரியே தெருவெல்லாம் பேசித் திரிந்தேன். வேறெங்கும் விண்ணப்பம் போடவில்லை. இது கிடைக்காவிட்டால், என் அப்பா, அதாவது நைனா, வேலை செய்யும் மாங்கூழ் கம்பெனியில் டின்னுக்கு லேபிள் ஒட்டும் வேலை எனக்குத் தயாராக இருந்தது. சூப்பர்வைசர் என் அம்மாவிடம் சொல்லியே வைத்திருந்தார். லேபிளில் மாம்பழம் தலைகீழாக வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

நேர்காணலுக்குப் பெற்றோரில் ஒருவரும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பஸ் காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டுவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்சீட்டுக்குக் கீழே இருந்த இரும்புக் கம்பியில் பாதங்களைப் பதித்துக்கொண்டார்.

"நைனா, கால கீழ வை. எல்லாரும் பாக்கறாங்க."

"சில்லுன்னு கீது, இருக்கட்டும் உடு."

"உள்ள வந்து எதுவும் பேசாத. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"நான் இன்னா பேசப்போறேன்? நீ பேசறதுக்கே அவங்களுக்கு டைம் பத்தாது."

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நரைத்த தலையுடன் ஒரு டாக்டர். மற்றவர் கண்ணாடி போட்ட பெண் டாக்டர். நைனாவைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆங்கில அறிமுகத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். என் பலம், என் பலவீனம் எல்லாம் அதில் இருந்தன. என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது. கைபேசியில் பார்த்த வீடியோவில் அந்தப் பெண் அப்படித்தான் சொன்னாள்.

பெண் டாக்டர் பேனாவை மூடிவிட்டுத் தெலுங்கில், இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் இந்த வேலையை ஏற்கெனவே நான்தான் பார்க்கிறேன் என்றேன். சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

"அப்படியா!" என்றார் நரைத்த டாக்டர். "சரி, நான் நோயாளி. இவங்க டாக்டர். என்கிட்ட விசாரிச்சு இவங்ககிட்ட சொல்லு." உடனே முதுகைக் கூனிக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி முனகினார்.

அவர் முனகி முடிக்கவில்லை, நான் பெண் டாக்டரின் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றேன். "மேடம், இவருக்கு ரெண்டு நாளா வயித்துவலி. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல. காய்ச்சல் இல்ல. வாந்தி இல்ல. சுகர் இல்ல."

நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"காய்ச்சல் இல்லன்னு யார் சொன்னது?" என்றார் பெண் டாக்டர்.

"நான் இன்னும் வாயே திறக்கலம்மா" என்றார் நோயாளி. "ஓட்டலுக்கு எப்ப போனேன்?"

சித்தூரில் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பெண் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நைனாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"நைனாவுக்கு முட்டிவலி மேடம்" என்றேன் நான்.

சத்தியமாக வேண்டுமென்றே சொல்லவில்லை. யாராவது கை ஓங்கினால் கண் தானாக மூடிக்கொள்வது போல வந்துவிட்டது.

"ஆயன்னி செப்பனிவ்வம்மா" என்றார் அவர். அவரைச் சொல்ல விடும்மா என்று அர்த்தம். பிறகு என்னை உட்காரச் சொல்லி, அப்பா பேசி முடிக்கும் வரை நீ வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் உன் தேர்வு என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார்.

"பாதம் எரியுதும்மா. நெருப்பு மேல நிக்கற மாதிரி கீது. படுத்தா போர்வைக்கு வெளிய வெச்சிக்கினுதான் தூங்கணும். சில நேரம் மரத்துப் போயிடுது. ஒரு நாளு கம்பெனில ஒரு செருப்பு கயண்டு உழுந்துட்சி. அது தெரியாம நடந்துக்கினே போயிட்டேன்."

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். கேட்க எனக்கு நூறு கேள்வி இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட காட்டலையா?" நரைத்த டாக்டருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"போனமே. நான் காலுன்னு ஆரம்பிச்சேன் சார். அதுக்குள்ள பாப்பா முட்டிவலின்னு சொல்லிட்சி. டாக்டரு தைலம் எழுதிட்டாரு."

"தேய்க்கறீங்களா?"

"தெனம் தேச்சிக்கினு கீறேன்."

"எங்க?"

"முட்டில."

"முட்டி வலிக்குதா?"

"முட்டி எப்பவும் நல்லாத்தான் கீது சார்."

"அப்புறம் எதுக்குத் தேய்க்கறீங்க?"

"பாப்பா சொல்லிட்சே! அதுவும் இங்கிலீஷ்ல சொல்லிட்சி."

நரைத்த டாக்டர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். பெண் டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதி, என்னிடம் நீட்டப்போய், கையைத் திருப்பி நைனாவிடம் கொடுத்தார். என்னிடம், "போன் பண்ணுவோம்" என்று மட்டும் சொன்னார்.

கீழே ஆய்வகத்தில் நைனாவுக்குச் சர்க்கரை மிகவும் அதிகம் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவர் மறுபடியும் கம்பியில் பாதங்களை வைத்தார். இந்த முறை, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாகாலா வரைக்கும் அழுகையாக வந்தது. அது நைனாவின் காலுக்காகவா, கைநழுவிப் போன காலேஜ் சீட்டுக்காகவா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

"இப்ப இன்னா ஆயிட்சி?" என்றார் நைனா. "டாக்டரு நல்ல மாதிரி. நான் சொல்ல சொல்ல கேட்டுக்கினே இருந்தாங்க பாரு."

சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்தோம். அத்தை, "இன்னாடி, எப்ப காலேஜு?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு வீட்டுக்குள் அவசர வேலை வந்தது. லேபிள் வேலைக்கு எப்போது வரச்சொன்னார்கள் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டும் வைத்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நைனா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. விண்ணப்பத்தில் அவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். திருப்பதியிலிருந்து அழைக்கிறோம் என்று போனுக்குள் ஒரு பெண்குரல் தெலுங்கில் சொன்னது எனக்கே கேட்டது. பாய்ந்துபோய்க் கையை நீட்டினேன்.

நைனா எச்சில் கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். எழுந்து வாசல்வரை போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அவுனம்மா... அவுனு... மாத்திரை வேசுக்குண்டுன்னானம்மா. எரிச்சல் தக்கிந்தி." மாத்திரை போடுவதில், எரிச்சல் குறைந்ததில் தொடங்கி, பாதத்தின் கதை முழுவதையும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, மழை வந்ததையும் சொன்னார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "நைனா, சீட்டு! சீட்டு இன்னாச்சின்னு கேளு!"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சீட்டு கெடைச்சிட்சி, திங்கக்கெழம வரணுமாம். அது அப்பவே சொல்லிட்டாங்க" என்றார். "இன்னும் பேசி முடிக்கல. அந்த டாக்டரு அன்னிக்கி சொன்னாங்களே, ஆயன்னி செப்பனிவ்வம்மா."