செஞ்சிக்கும் சாத்தனூருக்கும் போன திங்கட்கிழமை

அன்றைக்கு வேனில் போனவர்கள் நான்கு பேர். ஆசிரியர் வேலைக்கு ஆர்டர் வந்தவன். அவன்தான் எங்களை அழைத்துப் போனான். பால் வேன் ஓட்டுகிறவன். அண்ணனுடைய ஸ்டுடியோவிலிருந்து கேமரா கொண்டுவந்தவன். நான். வராதவன் ஒருவன். அவன் பெங்களூரில் ஒரு கட்டட வேலையில் மேஸ்திரிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவன் வரவில்லையே தவிர, அவனுடைய வேலைவாய்ப்பு அலுவலக அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் என் சட்டைப் பையில் வந்திருந்தது.

ஐந்து பேரும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். முடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் வேலை பதிவு மூப்புப்படிதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்த தேதியிலிருந்து நம் இடம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். உரிய மாதம் தவறினால் மேலும் இரண்டு மாதம் சலுகை உண்டு. அதையும் விட்டால் புதிதாகப் பதிந்து, வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அவன் எனக்கு மூன்று நாள் முன்னால் பதிந்தவன். என் அட்டையை நான் மாதத்தின் முதல் வாரமே புதுப்பித்துவிட்டேன். அவன் மறந்திருப்பான் என்று தோன்றி, கடிதம் எழுதி நினைவுபடுத்தியவனும் நான்தான். இதை இங்கே சொல்லிவைக்கிறேன். பிறகு யாரும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடிதம் கிடைத்தும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சலுகையின் கடைசி நாள் திங்கட்கிழமை. அவன் ஞாயிறு மாலை பஸ் ஏறி வந்து, பஸ் ஸ்டாண்டிலேயே என்னைப் பார்த்துக் கையில் அட்டையைக் கொடுத்தான்.

"நாளைக்குக் காங்கிரீட் போடறாங்க, மச்சான். நான் இல்லன்னா மேஸ்திரி வேற ஆளு வச்சிடுவான். ஆபீஸ் தொறந்ததும் ஒரு சீல் வாங்கிடு."

"தபால்ல போட்டிருக்கலாமே இத்தனை நாள்?"

"தபால்ல போட்டுத் தொலைஞ்சுதுன்னா யாரைக் கேக்கறது? உன் கையில குடுத்தா போதும்."

ஒரு டீகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

மறுநாள் ஊர் சுற்றப் போவதை அவனிடம் நான் சொல்லவில்லை. வரமுடியாதவனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு இடத்தைப் பார்ப்பதற்காகவே போவது என்று ஒன்று கிடையாது. சாவுக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், மாடு வாங்கப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம். காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டியபோது அம்மா கேட்டாள்.

"செஞ்சில யாருடா கீறாங்க நமக்கு?"

"யாரும் இல்லம்மா. கோட்டை பாக்கப் போறோம்."

"கோட்டையில யாரு கீறாங்க?"

"யாருமே இல்லம்மா. அதான் போறோம்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. பால் கேன்களை இறக்கிவிட்டு வேன் வந்தபோது எட்டரை. உள்ளே ஏறினால் புளித்த பால் வாசனை. நான் அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கிற அலுவலகம் திறக்கப் பத்து மணி ஆகும், அதுவரை இருந்து சீல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றேன்.

"ஒன்றரை மணி நேரம் வேங்கிக்கால்ல ஈ ஓட்டவா?" என்றான் வேன்காரன். "செஞ்சி முடிச்சிட்டு மறுபடி ஊருக்குள்ள வந்துதானே சாத்தனூர் போவணும்? மதியம் வாங்கிக்கலாம்."

"இன்னைக்குக் கடைசி நாள்டா."

"கடைசி நாள்னா சாயங்காலம் வரைக்கும் நாள்தானே, வாத்தியாரே!" என்றான் கேமராக்காரன்.

எதற்கெடுத்தாலும் நான் முன்கூட்டியே போய் நிற்கிறவன் என்று எனக்குப் பெயர். பஸ்ஸுக்கு அரை மணி முன்னால், பரீட்சைக்கு ஒரு மணி முன்னால். அந்தப் பேச்சை அன்றைக்கும் கேட்க வேண்டாம் என்று சும்மா இருந்தேன். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

செஞ்சியில் ராஜகிரி மேல் ஏறினோம். படிகள் ஒரே அளவில் இல்லை. சில முழங்கால் உயரம். வேலை கிடைத்தவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். கேமராக்காரன் பாதியில் உட்கார்ந்து, "இவ்ளோ ஒசரத்துல இருந்தா எதிரி எதுக்கு வரப்போறான்? ராஜா கீழ எறங்கறப்போ புடிச்சிக்க வேண்டியதுதான்" என்று மூச்சு வாங்கினான். குரங்குகள் எங்கள் தேங்காய்பன் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் போய் உட்கார்ந்தன. நான் சட்டைப் பையின் மேல் ஒரு கையை வைத்தபடியே ஏறினேன். வியர்வையில் அட்டை நனைந்துவிடுமோ, குரங்கு பிடுங்கிவிடுமோ என்றுதான் பயம். உச்சியில் காற்று அடித்தது. கீழே கல்யாண மகாலும் குளமும் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. எல்லாரும் சத்தம் போட்டார்கள். எனக்கு மணி பன்னிரண்டு ஆகிவிட்டது என்பதுதான் மனதில் இருந்தது.

இறங்கிச் சாப்பிட்டு, திருவண்ணாமலைக்குத் திரும்பியபோது இரண்டேகால். ஊருக்குள் நுழையும்போதே வேங்கிக்கால் போகலாம் என்றேன்.

வேன்காரன் வண்டியை ஓரம் கட்டினான். "இன்னைக்குத் திங்கக்கிழமைடா. அதே எடத்துல இருக்கிற கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். ஜில்லா பூரா ஜனங்க அங்கதான் நிக்கும். வேன் நிறுத்தக்கூட எடம் இருக்காது. சாயங்காலம் கூட்டம் கம்மியாயிடும். நாலரைக்கெல்லாம் வந்துடலாம்."

"ஆபீஸ் அஞ்சே முக்கால் வரைக்கும் இருக்கும்" என்றான் வேலை கிடைத்தவன். அவன் ஆர்டருக்காக அங்கே பல தடவை போய்வந்தவன். "வேணும்னா உன்னை இங்க எறக்கி விட்டுடறோம். சீல் வாங்கிட்டு வீட்டுக்குப் போ. சாத்தனூர் இன்னொரு நாள் பாத்துக்கோ."

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னான். நான் இறங்கியிருக்கலாம். டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம். கூட்டத்தில் நின்றாலும் நாலு மணிக்குள் வேலை முடிந்திருக்கும்.

நான் இறங்கவில்லை. சாத்தனூர் அணையை நான் பார்த்ததே இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடம். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது பணம் கட்ட முடியாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் போய்வந்தவர்கள் முதலையைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆசை இருபத்தாறு வயதிலும் அப்படியே இருந்தது. "நாலரைக்கு வந்துடணும்" என்று மட்டும் சொன்னேன்.

"சத்தியமா" என்றான் வேன்காரன்.

சாத்தனூரில் அணைக்குக் கீழே தோட்டம். வரிசையாகப் பூச்செடிகள், சிமெண்ட் சிலைகள், நடுவே தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். வெளியே கடைகளில் மீனை மசாலா தடவி அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதும் பொரித்துக் கொடுத்தார்கள். நாலு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். முதலைப் பண்ணையில் அசையாமல் கிடந்த ஒன்றைக் காட்டி, "இதுவும் எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சிட்டு வெயிட் பண்ணுது" என்றான் கேமராக்காரன். அப்படிச் சிரித்தோம். புல்லில் படுத்தோம். வேலை கிடைத்தவன், ஜவ்வாது மலையில் தனக்குக் கிடைத்திருக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னான். பஸ் இறங்கி இரண்டு மணி நேரம் நடக்க வேண்டுமாம். அம்மாவைக் கூட்டிப்போக முடியாதாம். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் மாறியது. நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். நம்மில் ஒருத்தன் போனால் வரிசை நகர்கிறது, அடுத்த பட்டியலில் நாமெல்லாம் வந்துவிடுவோம் என்றேன். வரிசையைப் பற்றி அப்படி விளக்கிக்கொண்டிருந்தபோதும் அட்டை என் நினைவில் இல்லை. காலையிலிருந்து பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கை, அந்த ஒரு மணி நேரமாக மீனும் புல்லுமாக இருந்திருக்கிறது.

"எழுந்திரிங்கடா, வெளிச்சம் போகுது. கடைசியா ஒரு போட்டோ" என்றான் கேமராக்காரன்.

அப்போதுதான் மணி கேட்டேன். ஐந்தே கால்.

வேன்காரனைக் குறை சொல்ல முடியாது. அதைவிட வேகமாக அந்த வண்டி போகாது. வேங்கிக்காலில் அலுவலக வாசலில் நான் குதித்து ஓடியபோது, பியூன் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறே கால் ஆச்சு, தம்பி. எல்லாரும் போயிட்டாங்க. காலையில வாங்க."

மறுநாள் பத்து மணிக்கு முன்பே போய் நின்றேன். கிளார்க் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். விரலால் தேதியை எண்ணி, இன்னொரு தடவையும் எண்ணினார்.

"நேத்தோட முடிஞ்சிருச்சேப்பா. நேத்து இன்னா பண்ணிட்டிருந்த?"

"ஊருக்குப் போயிருந்தோம் சார்."

"சாவா?"

"இல்ல சார். செஞ்சி, சாத்தனூர்."

அவர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். "அவரை நேர்ல வரச் சொல்லு. புதுசா பதிஞ்சுக்கலாம்."

அன்றிரவே பெங்களூர் பஸ் ஏறினேன். கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. காலையில் கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவன் சிமெண்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அட்டையை வாங்கி, சீல் இருக்கவேண்டிய கட்டத்தைப் பார்த்தான். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். மலை ஏறியது, மனு நாள், மீன், புல்லில் படுத்தது எல்லாம்.

"அட்டை உன்கிட்ட இருக்குன்னு மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். காலையிலேயே காட்டினேன்."

"அப்போ நாலு பேரும் சேர்ந்துதான்" என்றான். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் மூட்டைகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டான்.

ஒன்றரை வருஷத்தில் அடுத்த பட்டியல் வந்தது. அதில் நான் இருந்தேன். எனக்கு மூன்று நாள் முன்னால் பதிந்தவன் நிச்சயமாக இருந்திருப்பான். பட்டியலில் என் பெயர்தான் கடைசியா, அதற்குக் கீழேயும் பெயர்கள் இருந்தனவா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவன் விட்ட இடத்தில்தான் நான் ஏறினேனா இல்லையா என்று தெரிந்திருக்கும். டீக்கடையில் கேமராக்காரன் என் தோளில் தட்டினான்.

"உனக்கு முன்னாடி ஒரு ஆளு கம்மி ஆனது நல்லதாப் போச்சு இல்ல, வாத்தியாரே?"

வேன்காரன் அவனை முறைத்தான். "சும்மா கிண்டலுக்குடா" என்றான் கேமராக்காரன். அன்றைக்கு ஊருக்குள் இறங்காமல் வேனிலேயே உட்கார்ந்திருந்தேனே, அது ஆசையினால் மட்டும்தானா என்று அந்த ராத்திரிதான் முதல்முதலாக என்னையே கேட்டுக்கொண்டேன். ஆசையினால்தான். ஆனால் அதை யாரிடம் போய் நிரூபிப்பது? அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக எங்கேயும் போகவில்லை.

அவன் புதிதாகப் பதிந்து காத்திருந்தான். மேஸ்திரி மாறினார், கட்டடங்கள் மாறின. கல்யாணம் தள்ளிப்போய், முப்பத்திநாலு வயதில் நடந்தது. பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது, நான் போனேன். என் இலையில் சோறு போட்டவன் மாப்பிள்ளையான அவனேதான். கடைசியில் அவனுக்கும் ஆர்டர் வந்தது. இப்போது ஒரே ஒன்றியத்தில் வேலை செய்கிறோம். வருஷா வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் ஆசிரியர்களின் பணி மூப்புப் பட்டியலைப் பலகையில் மாட்டித் தொங்கவிடுவார்கள். இந்த வருஷம் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதன் எதிரே நின்றோம். அவன் தன் பெயரைக் கண்டுபிடித்து, விரலை அங்கிருந்து மெதுவாக மேலே நகர்த்தி, பக்கத்தைத் திருப்பி, இன்னும் ஒரு பக்கம் திருப்பி, என் பெயரில் நிறுத்தினான். நாங்கள் வேலையில் சேர்ந்த இரண்டு தேதிகளையும் வாய்க்குள்ளேயே கழித்தான். பிறகு எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்: பத்து வருஷம், நாலு மாசம்.