நான் சேராத வேலை

திருப்பதியில் நான் பாடம் நடத்தும் தனியார் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு யூனிபார்ம் உண்டு. வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பேண்ட், கழுத்தில் நாடாவோடு தொங்கும் அடையாள அட்டை. மாணவர்களுக்கும் யூனிபார்ம் உண்டுதான், ஆனால் அவர்கள் போடமாட்டார்கள். பீஸ் கட்டுகிறவர்களை நிர்வாகம் அதட்டுவதில்லை. சம்பளம் வாங்குகிறவர்களைத்தான் அதட்டும், அதுவும் காலையில் வாசலிலேயே. கரஸ்பாண்டெண்ட் தினமும் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று தெலுங்கில் கேட்பார். எம்.காம்., எம்.எஸ்ஸி., எம்.பில். என்று படித்துவிட்டு வந்த நாங்கள் எல்லாரும் ‘லேட்டாகிவிட்டது சார்’ என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு ஓரமாக மேலே ஏறுவோம்.

அந்த அடையாள அட்டையைப் பற்றி என் அம்மாவுக்கு வேறு அபிப்பிராயம். நகரியில் எங்களுடையது விசைத்தறி வீடு. பள்ளிக்கூடத்துக்குப் போய், பாதியில் தறிக்குத் திரும்பாமல், மேலேயே போய்க்கொண்டிருந்த முதல் ஆள் நான்தான். சனிக்கிழமை நான் ஊருக்கு வரும்போது அம்மா போனிலேயே சொல்லிவிடுவாள்: “பஸ்ஸுல வேணும்னா கழட்டிக்கோ. தெருமுனையில எறங்கனதும் கார்டு மாட்டிக்கினு வா. பாக்கறவங்க பாக்கட்டும்.”

தங்கைக்குச் சித்தூரில் மாப்பிள்ளை அமைந்தார். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கும், தாம்பூலம் மாற்றிக்கொண்ட அன்றைக்கும் கல்லூரியில் எனக்குத் தேர்வு மேற்பார்வை. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான நேரத்தில், முழுக்கைச் சட்டைக்குள் ஒருவன் எழுதிக்கொண்டு வந்திருந்த இருப்புநிலைக் குறிப்பை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே சம்பந்தி வீட்டார் என்னைப் பார்த்ததே இல்லை. ‘பையன் காலேஜ்ல சாரு’ என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண் வீட்டாரும் கூடப் போய்க் கடையில் உட்கார வேண்டும், ஆனால் பேசக்கூடாது. என்ன கேட்டாலும் ‘உங்க இஷ்டம்’ என்ற ஒரே பதில்தான். அம்மா இதில் தங்கைக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தாள். “நாம வாயத் தொறந்து இது வேணும் அது வேணும்னா, பொண்ணு வூட்டுக்காரங்க பேராச புடிச்சவங்கன்னு பேரு வந்துடும். நீயும் வந்து உக்காரு, ஆனா வாயத் தொறக்காத” என்று எனக்கும் தனியாகச் சொல்லி வைத்தாள்.

திருப்பதியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. மாப்பிள்ளையின் அம்மா சித்தூரிலிருந்தும், என் அம்மாவும் தங்கையும் நகரியிலிருந்தும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் இரண்டு வகுப்பு முடித்துவிட்டுப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போதே தங்கையிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. கிளிப்பச்சையில் ஒரு பட்டுப்புடவை, மெல்லிய ஜரிகைக் கரை. பின்னாலேயே கிசுகிசுப்பாக ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“ண்ணா, அத்த அரக்குப் பொடவயவே புடிச்சிக்கினு உக்காந்துக்கினு கீறாங்க. மொழம் அகலத்துக்குக் கர. தோள்ல போட்டுப் பாத்தேன், நானே தேரு மாதிரி கீறேன்ணா. எனக்கு இந்தப் பச்ச. நீ வந்து எதனா பண்ணு.”

‘நாம பேசக்கூடாது. தெரியுமில்ல’ என்று பதில் அனுப்பினேன். அழுகிற முகம் ஒன்று வந்தது. அவள் எதற்கும் அடம் பிடிக்கிறவள் அல்ல. பண்டிகைக்கு எடுத்த பாவாடை எந்த நிறமாக இருந்தாலும் கட்டிக்கொண்டு தெருவில் ஓடியவள். அவள் வேண்டுமென்று கேட்டு எனக்கு நினைவிருக்கிற முதல் பொருள் அந்தப் பச்சைப் புடவைதான். அதைக் கேட்க அவளுக்கும் வாய் கிடையாது, எனக்கும் கிடையாது.

கடைக்குள் நுழைந்து மாடிப்படியில் கால் வைத்தேன். ஒரு வேன் நிறைய கூட்டம் வந்து இறங்கியிருந்ததால் கடை சந்தைபோல இருந்தது. படியின் கீழே முதலாளி நின்றிருந்தார். நெற்றியில் நாமம், இரண்டு கையிலும் இரண்டு போன்.

“ஒரேய், யாட போயினாவ்ரா இந்தசேப்பு?” என்றார். இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்தாய்.

படிக்கட்டு, கீழே ஒரு முதலாளி, தெலுங்கில் அதே கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என் வாய் என்னைக் கேட்பதில்லை.

“லேட் அயிப்போயிந்தி சார்” என்றேன்.

“லேட்டா? அரவம் வச்சா நீக்கு?”

தமிழை அங்கே அரவம் என்பார்கள். தமிழ் தெரியுமா என்று கேட்கிறார். தெரியும் என்று உண்மையைச் சொன்னேன். “வச்சு சார்.”

“மேல சித்தூர் பார்ட்டி, அரவம்வாளு. காட்றவன் இந்த வேன் கும்பல்ல மாட்டிக்கினான். போய்க் காட்டு, போ போ.”

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். கடைப் பையன்கள் எல்லாரும் வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பேண்ட், கழுத்தில் நாடா. முதுகலைப் பட்டம் வாங்கி, அதற்கு மேல் ஒரு தகுதித் தேர்வும் எழுதித் தேறி நான் அடைந்த உடையை அவர்களுக்குச் சேர்ந்த அன்றைக்கே கொடுத்திருந்தார்கள். திரும்பி, நான் கடை ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என் முதுகில் கைவைத்துத் தள்ளியபடியே மேலே ஏறினார். பெரியவர்கள் தள்ளும்போது எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

“இதோ வந்துட்டான்மா, நம்ம பையன். எல்லாம் காட்டுவான்” என்று என்னை மெத்தை விரித்த மேடைக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிட்டு, அவர் அடுத்த பார்ட்டிக்குப் போய்விட்டார்.

எதிரே மூன்று பேர். நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, மடியில் அரக்குப் புடவை. ஒரு பக்கம் என் தங்கை. மறுபக்கம் என் அம்மா, என்னைப் பார்த்ததும் வாய் பிளந்தபடி. தங்கை மாப்பிள்ளையின் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அம்மாவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். தங்கை என்னைப் பார்த்தாள், பிறகு ஓரத்தில் கிடந்த கிளிப்பச்சையைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. பெண்ணின் அண்ணன் பேசக்கூடாது. சேல்ஸ்மேன் பேசலாம். பேசாவிட்டால்தான் தப்பு.

பச்சையை எடுத்து விரித்தேன். விரிப்பது சுலபம்.

“அம்மா, இதப் பாருங்க. பொண்ணு கலருக்கு இது நல்லா எடுப்பா இருக்கும்.”

“அது பாத்தாச்சுப்பா. கர என்னா, நூலு மாதிரி கீது. போட்டோல தெரியுமா? கல்யாணத்துக்கு வந்தவங்க என்னா மாப்ள வூட்டுக்காரங்க கைய இழுத்துக்கினாங்களான்னு கேக்க மாட்டாங்க?”

“அப்படி இல்லம்மா. இப்ப நீங்க அரக்கு எடுக்கறீங்க. வெயிட்டு. பொண்ணு அன்னிக்கி ஒரு நாள் கட்டும். அப்புறம் பீரோவுல போகும். அதாவது பயன்படாத சொத்து. வருசா வருசம் மதிப்பு கொறஞ்சிக்கினே போகும், அதத் தேய்மானம்னு சொல்லுவோம். பச்ச லேசு. நாளு கிழமைக்கெல்லாம் கட்டலாம். ஒரு தடவ கட்டறதுக்கு என்ன செலவாவுதுன்னு வகுத்துப் பாத்தா இது லாபம். புரிஞ்சுதா? ஏதாவது டவுட் இருக்கா?”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னாப்பா, புடவக் கடையில டவுட்டு கேக்கற?”

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரி, அதான் பக்கத்துல ஒன்னு கீதே, அந்த ஊதாவ எடு. இத மடிச்சு வையி.”

மடிப்பதில்தான் வந்தது வினை. வீட்டில் நாள் முழுக்கத் தறி ஓடும். நைனா என்னை அதன் பக்கமே விட்டதில்லை. “நீ படி, உனுக்கு எதுக்கு இது?” என்பார். அதன் பலனாகத் தேய்மானத்தை நான்கு முறைகளில் கணக்கிடத் தெரிந்த எனக்கு ஒரு புடவையை ஒரு முறையில்கூட மடிக்கத் தெரியவில்லை. நான் மடித்து வைத்தது பிரசவ ஆஸ்பத்திரியில் சுருட்டிக் கொடுக்கும் குழந்தைபோல இருந்தது.

“புதுசா நீ?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஆமாம்மா.”

“தெரியுது.”

பிறகு அரக்கை எடுத்து என்னிடமே நீட்டினார். “உண்மையச் சொல்லு. நீ சொல்ற பச்சையும் இதுவும் எவ்ளோ வித்தியாசம் வெலையில?”

“இது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கும்மா. வேணாம். எதுக்கு வீணா?” என்று மனதாரச் சொன்னேன்.

பின்னால் ஒரு போன் மெத்தையில் விழும் சத்தம் கேட்டது. முதலாளி.

“ஒரேய்! என்னா சொன்ன? ரெண்டு மடங்கு, வேணாவா? இருவத்தஞ்சு வருசமா கடை வச்சிக்கினு கீறேன். வந்த பார்ட்டிய பெரிய வெலையிலருந்து சின்ன வெலைக்கு எறக்கற சேல்ஸ்மேன இன்னிக்கித்தான் பாக்கறேன். எவன்ரா உன்ன சேத்தது? எதிர்க் கடக்காரன் அனுப்பிச்சானா? இன்னியோட நின்னுக்கோ. கழட்டு கார்ட. கார்ட வச்சுட்டு வெளிய போ!”

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கை நாடாவுக்குப் போய்விட்டது.

“கைய எடுடா கார்டுலருந்து!”

அது அம்மா. எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த இரண்டு புடவைகள் சரிந்து விழுந்தன.

“யோவ், யாரப் பாத்து கார்டு கழட்டச் சொல்ற? நீ குடுத்த கார்டா அது? காலேஜ்ல குடுத்த கார்டு! எம்புள்ள சாரு! எம்.காமு! உன்ன மாதிரி நூறு பேருக்குப் பாடம் சொல்லுவான். புடவ எடுக்க வந்தவன புடிச்சி புடவ மடிக்க வச்சிட்டு, வெளிய போன்றியா?”

முதலாளி என் மார்பருகே குனிந்து அட்டையைப் படித்தார். கல்லூரியின் பெயர், என் படம், உதவிப் பேராசிரியர். நிமிரும்போது அவர் முகத்தில் ‘ரா’ போய், தெலுங்கு மரியாதைக் ‘காரு’ வந்திருந்தது.

“அய்யய்யோ. பொரபாட்டு சார், பெரிய தப்பு. சொக்காய் ஒரே கலரு, நான் என்னா பண்றது? டேய், சாருக்கு பாதாம் பால் கொண்டா. நாலு கொண்டா.” என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வியாபாரிக்குரிய ஆர்வம் வந்துவிட்டது. “சார், கேக்கறேன்னு நெனைக்காதீங்க. காலேஜ்ல எவ்ளோ தராங்க?”

சம்பந்தி அம்மா காதைத் தீட்டிக்கொண்டார். நான் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்கு அதற்கும் பயிற்சி இல்லை.

“மாசத்துக்கா?” என்றார் முதலாளி.

“ஆமா.”

கையிலிருந்த போனை மடியில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிறவர்போல, “எங்க பசங்களுக்கு பி.எப். உண்டு சார். மத்தியானம் சாப்பாடு. பண்டிகைக்கு போனஸ். மடிக்கறத ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடுவோம். எப்பனா மனசு மாறினா வாங்க” என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன் என்னை நீக்கிய வேலையையே மரியாதையோடு திரும்பக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

பாதாம் பால் வந்தது. சம்பந்தி அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார்.

“அப்போ, இந்நேரம் எங்கிட்ட புடவ காட்டினது நம்ம பொண்ணோட அண்ணனா சம்மந்திமா?”

வீரமெல்லாம் வடிந்து உட்கார்ந்த அம்மாவுக்கு, தங்கைக்குப் பயிற்சி கொடுத்த பதில்தான் வாயில் வந்தது. “உங்க இஷ்டம்தான் சம்மந்திமா.”

“ஏம்பா, வெல கொறஞ்சத எடுக்கச் சொல்றியே, எந்தக் கடக்காரன் சொல்லுவான், என்னாமோ இருக்குதுன்னு அப்பவே நெனச்சேன். பச்ச பச்சன்னு பறந்தியே, யாருக்காக?”

“பொதுவா பாத்தா, செலவுன்றது…” என்று ஆரம்பித்தேன்.

“பாடம் வேணாம். பச்ச யாருக்கு வேணும்?”

அம்மா மாராப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். நல்ல இடம், நல்ல பையன், ஒரு புடவையால் கெட்டது என்று நகரியில் பேசப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

“எனக்குத்தான் வேணும் அத்த” என்றாள் தங்கை. அதோடு நிறுத்தவும் இல்லை. “அரக்கு வேணாம். நான் அதுல நல்லா இல்ல. எனக்குப் பச்சதான் புடிச்சிருக்குது.”

சம்பந்தி அம்மா பாதாம் பாலைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை வைத்தார்.

“இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, உங்கண்ணனுக்கு வேல போயிருக்குமா?”

முதலில் சிரித்தது என் அம்மாதான். சிரித்த பிறகு, சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தாள்.

“எடுத்துக்கோ. ஆனா ஒன்னு” என்று விரலை உயர்த்தினார் சம்பந்தி அம்மா. “எங்க ஆளுங்க கேட்டா இது நான் பாத்து எடுத்தது. எனக்குன்னு ஒரு பேரு கீது.”

“நீங்க எடுத்ததுதான் அத்த.”

கல்யாணத்தன்று மேடைக்குக் கீழே சித்தூர்க்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, என்ன இப்படி லேசான கரை என்று கேட்டார்கள். சம்பந்தி அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. திருப்பதியில் ஒரு கடையில் பெரிய விலையில் ஒரு அரக்கைத் தன் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்றும், தான் ஏமாறாமல், தேய்மானமெல்லாம் கணக்குப் பார்த்து இதை எடுத்ததாகவும் சொன்னார். தேய்மானம் என்றால் என்ன என்று ஒருத்தி கேட்டதற்கு அவர் கொடுத்த விளக்கம் என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. தங்கை மேடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.