மூச்சு விட்டுக்கொண்டிருந்த மரங்கள்

என் தங்கையை வீட்டில் நச்சு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் கேள்வி கேட்டே ஆளை அரித்துவிடுவாள். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். அவள் காட்டைப் படிக்கப் போய், முனைவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறாள். காற்றில் இருக்கும் கரியை மரம் உள்ளே இழுத்து உடம்பாக்கி வைத்துக்கொள்கிறதாம். வெயில் எல்லை மீறும் வருஷங்களில் திருப்பிக் கொடுத்துவிடுகிறதாம். எப்போது வாங்குகிறது, எப்போது விடுகிறது என்று பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆராய்ச்சிக் காட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களின் இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். மெல்லிய எஃகுப் பட்டை, ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னப் பெட்டி. இரவில் நீர் ஏறி மரம் மயிரிழை பருக்கும். பகலில் மயிரிழை இளைக்கும். அந்த அளவு மணிக்கொரு தரம் அவள் கணினிக்கு வந்துவிடும்.

"மூச்சு விடுற மாதிரியே இருக்கும்க்கா" என்பாள்.

மூன்று வருஷம் வறட்சி. காடு மொட்டையாக நின்றது. ஆனால் கணினியில் மூச்சு நிற்கவில்லை. காடு இலையை உதிர்த்துவிட்டு உறங்குகிறது, சாகவில்லை என்று அவள் கட்டுரை எழுதினாள். பெரிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அது அச்சில் வந்தால் பேராசிரியர் பதவி அவளுக்குத்தான் என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். கடைசியாக எண்களைச் சரிபார்க்க என்னை அழைத்தாள்.

"ஒரு தையல் விலகினாலே உனக்குச் சோறு இறங்காது. இதுக்கு உன்ன விட்டா யாரு?"

"ஐஸ் வைக்காதடி. காகிதத்தக் குடு."

அவள் படிக்கப் படிக்க நான் காகிதத்தில் குறித்தேன். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு மழை, அதுவும் அரை நாள். அந்த வாரத்தில் நாற்பத்தொன்றாம் மரம் பருத்து, மூன்றாம் நாள் பழைய எண்ணுக்கே வந்து நின்றது. அறுபத்தேழும் அப்படியே. தொண்ணூறும். பக்கத்தின் கடைசி வரியும் அச்சு அசலாக அப்படியே. அந்த வரிக்கு மட்டும் மர எண் இல்லை.

"இது எந்த மரம்டி?"

"அது மரமே இல்லக்கா. காய்ஞ்ச கட்டை. கருவி சரியா வேலை செய்யுதான்னு பார்க்க நட்டு வச்சது. ஈரக்காத்து பட்டா கட்டையும் கொஞ்சம் ஊதும், அவ்வளவுதான்."

"அப்போ கட்டையும் மூச்சு விடுதா?"

சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை. முதல் வருஷம் மரங்கள் கட்டையைவிடப் பத்து மடங்கு அசைந்தன. அதனால் அதற்குப் பிறகு யாரும் கட்டையின் வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அவள் திரையில் கட்டையின் கோட்டின்மேல் நாற்பத்தொன்றின் கோட்டை வைத்தாள். இரண்டு கோடு தெரியவில்லை, ஒன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை காட்டுக்குப் போனோம். ஒரு பறவை இல்லை, ஒரு பூச்சி இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தொன்றின் மரப்பட்டையை அவள் கத்தியால் சுரண்டினாள். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும் என்றாள். பழுப்புத் தூள்தான் கொட்டியது. அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசியில் அதே மரத்தின் புது அளவு வந்து விழுந்தது. வழக்கம்போலப் பகல் இளைப்பு.

"எத்தன வருஷமா இப்படிடி?"

"தெரியலக்கா. தினமும் காலைல வந்ததும் இதுங்களத்தான் மொதல்ல பார்ப்பேன். நல்லா இருக்குன்னு நினைச்சுட்டு டீ குடிக்கப் போவேன்."

நான்கு நாள் ஒவ்வொரு மரமாகச் சுரண்டினோம். நூற்று முப்பத்தொன்று செத்திருந்தது. எண்ணியது நான், இரண்டு தடவை எண்ணினேன்.

துறைத்தலைவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நல்ல மனிதர்தான்.

"அடுத்த வாரம் தேர்வுக் குழு உக்காருதும்மா. அதுக்கப்புறம் ஒரு திருத்தம் அனுப்பிக்கலாமே? ஓடியா போகுது?"

"இத நம்பி வேற காட்டுக்கும் இதே கணக்கப் போடுவாங்க, சார்."

"இந்தப் பதவி மறுபடி எப்ப காலியாகும்னு சொல்ல முடியாது."

"தெரியும், சார்."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினாள். அனுப்பும் முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். 'பிழை என்னுடையது' என்று முதல் வரியிலேயே இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பதவி வேறொருவருக்குப் போயிற்று. என் தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

செத்த மரங்களில் கட்டிய எஃகுப் பட்டைகளை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். எனக்கு அவற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"வேண்டாம்க்கா, இருக்கட்டும். இத்தன வருஷம் உள்ள இழுத்த கரியெல்லாம், மரம் மக்கி இளைக்க இளைக்க, இனிமே வெளிய விடும். அத யாராவது பார்க்கணும் இல்ல?"