துளிர்விடும் மாதத்தில் பிள்ளையோடு பீடோருக்கு

ஜப்பான்காரன் வந்தபின் இது மூன்றாவது மாசி. ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செந்துளிர் விடும் இந்த நாட்களைத்தான் மலாயாவில், நம் பேரா மாநிலத்தின் வசந்தம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து இது காய்ச்சல் மாதம். ஈப்போவில் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாகிறது. என் நாலு வயது மகள் செல்லத்துக்கு விட்டு விட்டுக் குளிர்சுரம். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். அதனால்தான் கிளம்பினேன். இதே வழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போன இடம் பீடோருக்கு அப்பால் ஒரு தோட்டம். என் கொழுந்தன் மனைவி பாக்கியம் அங்கே இருக்கிறாள். அவள் பிள்ளைகள் மூன்றுக்கும் காய்ச்சலே வருவதில்லையாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் புருஷனோ ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் இறக்கும் வேலை, அதனால் தப்பித்துவிட்டார். எல்லாம் அவளுக்கே வாய்க்கிறது! கொய்னாவைப் பதுக்கி வைத்திருப்பாள் என்றே முடிவு கட்டினேன்.

ஈப்போவிலிருந்து பீடோர் ஏறக்குறைய நாற்பது மைல். கரியில் ஓடும் லாரி விடியற்காலையில் சந்தைப் பக்கம் நிற்கும். டிரைவரிடம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை நீட்டாதீர்கள்.

“இத வெச்சி நான் என்னா செய்றது அக்கா? உப்பு இருந்தா குடு லா,” என்றார்.

ஒரு சிரட்டை உப்பு கொடுத்ததும் டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கம்பாரில் ஜப்பான் காவல்காரன் முன் எல்லாரும் இறங்கிக் குனிய வேண்டும். சுரத்தில் துவண்ட பிள்ளையின் தலையையும் நானே பிடித்துக் குனியவைத்தேன். பீடோர் சேர மதியமாகிவிட்டது. அங்கிருந்து தோட்டம் மூன்று மைல், நடைதான். வழியெல்லாம் செம்பு நிறத் துளிர். அழகாகத்தான் இருந்தது, எனக்கு இருந்த எரிச்சலில் சரியாகப் பார்க்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பாக்கியத்தின் பிள்ளைகள் புழுதி பறக்க ஓடிக்கொண்டிருந்தன. மரவள்ளிக்கிழங்கைத் தின்றே அப்படிக் கன்னம்!

“கொய்னாவ எங்க வெச்சிருக்க?” என்றேன், உட்காரக்கூட இல்லை.

“கொய்னாவா? அதுக்கு நான் எங்கக்கா போவேன்?” என்று சிரித்தாள்.

லயத்துப் பின்பக்கம் கூட்டிப் போனாள். எண்ணெய் இறக்கியபின் மிஞ்சும் கசடை அவள் புருஷன் கால்வாயில் ஊற்றிவிடுகிறார். கொசு முட்டையிட வழியில்லை. வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் பழைய வேட்டியில் தைத்த திரைக்குள் போய்விட வேண்டும். குடிப்பது கொதித்து ஆறிய தண்ணீர். அவ்வளவுதான் ரகசியம். சண்டை போடக்கூட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

“துளிர் முத்துற வரைக்கும் செல்லம் இங்கயே இருக்கட்டும் அக்கா. நான் பாத்துக்கிறேன். ஒங்க வீட்டுப் பின்னால ஒரே சாக்கடை.”

உண்மைதான். நானும் தங்கினால் தையல்கடை வேலை போகும், அதோடு அரிசிப் பங்கீடும் போகும். விட்டுவிட்டு வந்தேன். பிள்ளை அழவில்லை. சித்தி மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இலை கரும்பச்சையானதும், சித்திரையில், மறுபடி அதே லாரி, அதே உப்பு. தோட்டத்து வளைவில் நாலு பிள்ளைகள் என்னைப் பார்த்து ஓடி வந்தன.

“பெரிம்மா வந்தாச்சு! பெரிம்மா வந்தாச்சு!”

நாலில் ஒன்று செல்லம். அதுகள் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். பிறகு திரும்பி ஓடி, பாக்கியத்தின் சேலையைப் பிடித்து இழுத்து, “அம்மா, பெரிம்மாவுக்குத் தண்ணி குடு,” என்றாள்.

“ஐயோ அக்கா, இதுங்களோடயே கெடந்து பழகிருச்சி. சொன்னா கேக்க மாட்டேங்குது,” என்று பாக்கியம் பதறினாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. கன்னம்கூட வந்திருந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். பொழுது சாயுமுன் பிள்ளையைத் திரைக்குள் விடுங்கள். விட்டுவிட்டு வரும்படி ஆனால் விட்டுவிட்டு வாருங்கள். வயிறு எரியும், எனக்கு இன்னும் எரிகிறது. திரும்பும்போது செல்லம் லாரியில் என் மடியில் உட்கார்ந்து, வழியெல்லாம் “பெரிம்மா, பெரிம்மா” என்று நச்சரித்தாள். நான் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. கூப்பிட அவள் இருக்கிறாளே.