நல்ல விரல்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கு எடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "மீட்டர் தப்பா ஓடுது சார்." வீட்டுக்குள் ஏசி ஓடும், கிரைண்டர் ஓடும், மூன்று ஃபேன் ஓடும். தப்பாக ஓடுவது மீட்டர் மட்டும்தான். புகார் எழுதிக் கொடுத்து, பரிசோதனை செய்து, நிஜமாகவே மீட்டரில்தான் பழுது என்று தெரியவந்தது என் சர்வீஸில் ஏழு தடவை. ஏழு வீடும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு எண் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த வாக்கியத்தை மறுபடி கேட்பேன் என்று நினைக்கவில்லை.

எங்கள் தெரு மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிறது. மொத்தம் இருபத்தாறு வாசல். அதில் ஒன்பது, என் பக்கத்து வீட்டுக்காரர் கட்டி வாடகைக்கு விட்ட போர்ஷன்கள். தெரு முழுவதும் ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல் வயல். என் மனையை நான் அவரிடம்தான் வாங்கினேன். இது ஊராட்சியாக இருந்த நாளில் ஒரே ஒரு முறை தலைவராக இருந்தார். அதன் பிறகு எத்தனையோ தேர்தல் வந்தும் எங்கள் தெருவுக்கு அவர்தான் தலைவர். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை ஒரே மூச்சில் சார் என்பார், நீ என்பார்.

முதல் அலையில் எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்குத்தான் கொரோனா வந்தது. தலைவரின் ஐந்தாவது போர்ஷன், பூக்கட்டி விற்கிற குடும்பம். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, யாரும் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்த நான்கு பேரும் பிழைத்தார்கள். ஆனால் தகரத்தைப் பிரித்த பிறகும் அந்தப் பெண்ணிடம் யாரும் பூ வாங்கவில்லை. காலி செய்துகொண்டு பல்லாவரம் பக்கம் போய்விட்டார்கள். தெரு இதிலிருந்து கற்றுக்கொண்டது இதுதான்: நோய் ஒன்றும் பெரிதில்லை, தகரம்தான் பெரிது.

இரண்டாவது அலை வந்தபோது மொட்டை மாடியில் நடந்துகொண்டே ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் ஆம்புலன்ஸ்களை எண்ண ஆரம்பித்தேன். முதலில் ஒரு நடைக்கு இரண்டு, மூன்று. பிறகு ஒன்றின் சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது கிளம்பியது. எது முடிந்தது, எது தொடங்கியது என்று தெரியவில்லை. எண்ண முடியவில்லை என்பதுதான் என்னைக் கலவரப்படுத்தியது.

"எண்ணிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

அவள் கேட்டது நியாயம். குரோம்பேட்டையில் நான்கு மருந்துக் கடை ஏறி இறங்கி ஒரு ஆக்சிமீட்டர் வாங்கினேன். விரல் நுனியில் மாட்டுகிற கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், தொண்ணூறுக்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாசலுக்கும் கிளிப்பைத் துடைத்துத் துடைத்து, சாயங்காலங்களில் பழையபடி வீடு வீடாகக் கிளம்பினேன்.

"இன்னா சார், ரிட்டயர்டு ஆயும் ரீடிங் எடுக்கறத வுடலியா?"

"பணம் கட்டிட்டோம் சார், ஃபியூஸப் புடுங்கிடாத!"

சிரிப்புக்குக் குறைவே இல்லை. தலைவர் எல்லாருக்கும் முன்னால் வந்து கையை நீட்டினார். தொண்ணூற்றெட்டு. கிளிப்போடு விரலைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! எந்த வாத்தியாரும் எனுக்கு குடுக்காத மார்க்கு!"

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தெருவில் எல்லாருக்கும் அது மார்க் ஆகிவிட்டது. மூன்றாவது போர்ஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்கு தொண்ணூற்றிரண்டு வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று அவன் மனைவியே சொன்னாள். அவனோ துள்ளிக் குதித்தான்.

"தொண்ணூத்திரெண்டா! டென்த்துல அஞ்சு பாடத்துக்கும் சேத்தே நான் இவ்ளோ வாங்கல சார்!"

பக்கத்துப் போர்ஷன்காரர்கள் கை தட்டினார்கள்.

"தம்பி, இது மார்க் இல்லப்பா. தொண்ணூத்தி நாலுக்குக் கீழ ஃபெயில்."

"இன்னா சார் அநியாயமா கீது. முப்பத்தஞ்சு எடுத்தா பாஸுதான?"

டாக்டர்கள் சொல்வதைச் சொன்னேன். நுரையீரல் என்றேன். டிவியில் காட்டியதைச் சொன்னேன். அவன் தலையாட்டினான், எனக்கு வருத்தமாக இருக்கக்கூடாதே என்று. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சலில்தான் எனக்குத் தெரிந்த பாஷை வாயில் வந்தது.

"வெயில் காலத்துல இங்க லோ வோல்டேஜ் வருதில்ல? அப்ப லைட் எரியுதா?"

"மினுக் மினுக்குன்னு எரியும்."

"ஃபேன்?"

"சுத்தும்."

"அப்ப போர் மோட்டாரப் போட்டா?"

"காயில் பூடும் சார். போன வருஷம் தலைவர் மோட்டார் அப்டித்தான கோவிந்தா ஆச்சி."

"இப்ப உன் உடம்புல லோ வோல்டேஜ். லைட் எரியுது, ஃபேன் சுத்துது. நீ சிரிக்கற. உள்ள மோட்டார் சூடாயிட்டு இருக்கு."

அவன் மனைவி உள்ளே போய் அவன் சட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனான். குப்புறப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மெலிந்து, ஆனால் உயிரோடு திரும்பினான். அதன் பிறகு தெருவில் என் பெயர் லோ வோல்டேஜ் சார். எங்கள் தெருவிலிருந்து அந்த மாதம் நான்கு பேர் அப்படிப் போனார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். திரும்பாதவர் தெருக்கோடியில் இருந்த வயதான தையல்காரர்.

தலைவர் மட்டும் முதல் நாள் மார்க்கோடு நிறுத்திக்கொண்டார். மறுபடி விரலை நீட்டச் சொன்னால் நீட்டமாட்டார்.

"மெஷினு பொய் சொல்லும் சார். நீயே சொல்லு, உன் மீட்டரு என் வூட்ல எத்தினி தபா தப்பா ஓடிச்சி?"

"ஒரு தடவை கூட இல்ல தலைவரே."

"பாத்தியா! நீ கவர்மெண்டு ஆளு. அப்டித்தான் பேசுவ."

மாஸ்க் போடமாட்டார். போர்ஷன் வாசலில் நாற்காலி போட்டுக் கூட்டம் சேர்ப்பார். அவர் போடாதவரை ஒன்பது போர்ஷனிலும் யாரும் ஒழுங்காகப் போடமாட்டார்கள். அதனால் மற்ற இருபத்தைந்து வாசலையும்விட எனக்கு அவருடைய வாசல்தான் முக்கியமாக இருந்தது. கணக்குக்காக மட்டும் இல்லை. முப்பது வருஷமாகக் காலையில் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் கேட்கிற குரல் அவருடையது.

அந்தக் குரலில் இருமல் கேட்டது. முதலில் பேச்சுக்கு நடுவில் இருமல், பிறகு இருமலுக்கு நடுவில் பேச்சு. கிளிப்பை எடுத்துக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்பேன்.

"மாட்டு சார், மாட்டு. நீ வுடப்போறியா?" என்று ஆள்காட்டி விரலைக் கொடுத்தார் தலைவர்.

எண்பத்தாறு.

அவர் சாதாரணமாக இருந்தார். வாடகை தராத ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் வாக்கியத்துக்குப் பாதியில் ஒரு தரம் நின்று போனது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"தலைவரே, எண்பத்தாறு. இப்பவே கிளம்பணும்."

"பேசிகினுதான கீறேன்?"

"லைட் எரியுது. மோட்டார் போயிடும்."

"அத்த ஆட்டோக்காரன்கிட்ட சொல்லு. குடு இங்க."

கிளிப்பைப் பிடுங்கி நடுவிரலில் மாட்டினார். எண்பத்தைந்து. சுண்டுவிரல், எண்பத்தெட்டு. இடது கைக்கு மாற்றினார். கட்டை விரல், எண்பத்தேழு. ஒவ்வொரு விரலாகப் போட்டுப் பார்த்தார், சந்தையில் மாம்பழத்தை அழுத்திப் பார்ப்பது போல. கடைசியில் வலது மோதிர விரல். அதில் மஞ்சள் ராசிக்கல் மோதிரம். எண் எண்பத்தாறு காட்டியது, துடித்தது, ஒரு கணம் தொண்ணூற்று மூன்றுக்குக் குதித்தது. உடனே கழற்றிவிட்டார்.

"அதான்! தொண்ணூத்தி மூணு. இது ராசி வெரலு. நல்ல வெரல வுட்டுட்டு நீ நாஸ்தியானதுல வெச்சிப் பாக்கற."

"நல்ல விரல், கெட்ட விரல்னு இல்ல தலைவரே. பத்து விரல்லயும் ஓடறது ஒரே ரத்தம்."

"அப்போ தொண்ணூத்தி மூணும் அதே ரத்தந்தான?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார்.

"சார், நான் போனா வாசல்ல தகரம் அடிப்பான்."

"இப்பல்லாம் அடிக்கறதில்ல."

"ஸ்டிக்கர் ஒட்னா போதாதா? ஒம்போது வூட்டுக்காரனும் பாப்பான். பூக்காரிய காலி பண்ண சொன்னதே நாந்தான். ஆஸ்பத்திரிக்கு போனவன் எவன் வந்தான், சொல்லு."

பூக்காரர்களைக் காலி செய்யச் சொன்னது அவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாலு பேர் போனாங்க. மூணு பேர் வந்தாங்க."

"வந்தவனப் பத்தி நீ பேசற. வராதவனப் பத்தி நான் பேசறேன்."

கீரை ஆய்கிற அக்காவின் கை நின்றிருந்தது. கிளிப்பைத் தலைவர் தன்னிடமே வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பா சொன்னா கேக்கமாட்டாரு சார்" என்றான். அப்பா ஜெயிக்க வேண்டும் என்று அவனும் விரும்பியதாகத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் பதில் வந்தது. மீட்டரில் முள் குதித்த இடத்தை நாங்கள் ரீடிங் என்று எழுதமாட்டோம். நின்ற இடத்தைத்தான் எழுதுவோம். சுவர் அருகே போய்க் கத்திச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து, "தொண்ணூத்தி மூணு சார்!" என்று குரல் வந்தது. மறுநாள் காலையிலும் அதே குரல், அதே எண். குரல் மட்டும் இறங்கியிருந்தது. அடுத்த காலை நான் சுவர் ஓரம் காத்து நின்றேன். குரலே வரவில்லை.

மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. காரிலேயே காத்திருந்தார்கள். கடைசியில் படுக்கை கிடைத்தது. அவருக்கு அது அதிக நேரம் தேவைப்படவில்லை.

முகத்தைப் பார்க்க விடவில்லை. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள், வெள்ளைச் சட்டையில் தலைவராக இருந்த காலத்துப் படம். வீட்டு வாசலில் தெருவை அடைத்துச் சின்னதாகச் சாமியானா. விசாரித்தவர்களிடமெல்லாம் மகன், "ஹார்ட் அட்டாக்" என்றான்.

தெருவே மூச்சு விட்டது. ஹார்ட் அட்டாக் என்றால் பக்கத்தில் உட்காரலாம். சாமியானாவுக்குக் கீழே ஒட்டி ஒட்டி உட்கார்ந்து மாஸ்க்கை இறக்கிவிட்டு டீ குடித்தார்கள். பதினேழு பேரை எண்ணினேன். "தலைவருக்கே ஹார்ட்டுதான் சார். சொம்மா பீதியக் கெளப்பாத" என்று ஒருவன் எனக்கே சொன்னான். இறந்தவர் வாசலில் நின்று அவர் மகனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். நான் மாதம் முழுக்க நடந்ததை அந்த இரண்டு வார்த்தை அழித்துவிட்டது.

மறுநாள் காலை அக்கா வெளியே வந்தார். கையில் என் கிளிப். சாமியானாவில் இருந்தவர்களைத் தாண்டி நேரே என் கேட்டுக்கு வந்து நின்றார். நின்றபோதே மூச்சு வாங்கியது.

"சார், எனுக்கு வெச்சிப் பாரு."

ஆள்காட்டி விரலில் மாட்டினேன். எண் நிற்கும்வரை காத்திருந்தேன். தொண்ணூற்று ஒன்று.

"பாஸா, ஃபெயிலா?"

யாரும் சிரிக்கவில்லை.

"ஃபெயில்க்கா."

மகன் ஓடி வந்தான். "அம்மா, இன்னொரு வெரல்ல வெச்சி..."

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "உங்கப்பாரு பத்து வெரல்லயும் வெச்சிப் பாத்தாரு. எண்பத்தாறுடா. எண்பத்தாற வெச்சிகினு தொண்ணூத்தி மூணுன்னு கத்திகினு இருந்தாரு. நானும் கீரை ஆஞ்சிகினு பாத்துகினு இருந்தேன். ஹார்ட்டாம் ஹார்ட்டு. போய் வண்டிய எடு."

சாமியானா தெருவை அடைத்திருந்ததால் வண்டி உள்ளே வர முடியவில்லை. தெருமுனைவரை அக்கா நடந்துதான் போனார். ஒன்பது போர்ஷன் வாசலும் பார்க்க, நடுவில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்று நின்று போனார். டீ குடித்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார்கள். அவருக்குப் படுக்கை கிடைத்தது. வெகு நாள் ஆக்சிஜனில் இருந்து திரும்பி வந்தார். இன்றும் மாடி ஏறமுடியாது.

அக்கா நடந்துபோன அன்று சாயங்காலம் நான் எங்கும் போகவில்லை. தெருக்காரர்களே என் கேட்டுக்கு வந்தார்கள், இடைவெளி விட்டு நின்றார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. இன்னொரு விரலையும் யாரும் நீட்டவில்லை. மூன்று பேருக்கு எண் குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், போனார்கள்.

கடைசியில், அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மகன் வந்தான். அப்பாவைக் காரில் ஏற்றும்போது கழற்றிய அவர் மோதிரத்தைப் போட்டிருந்தான். முதலில் அந்த விரல்தான் முன்னால் வந்தது. பிறகு அதை மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலைக் கொடுத்தான்.

தொண்ணூற்றேழு என்றேன். அவன் நகரவில்லை.

"மீட்டரு சரியாத்தான் ஓடுதா சார்?" என்றான்.

எண் நன்றாக வந்த பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். கிளிப்பைத் துடைத்து மறுபடி அதே விரலில் மாட்டினேன். எண் நிற்கும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.