மெஷின் சொன்ன தப்பு

ஜீவானந்தம் சாரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பிளாப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்த நாளோடு ஷாரோனின் நிம்மதி போயிற்று. ஆங்கிலக் கடிதம் எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். இலக்கணம் எங்கே பிசகு, எந்த வாக்கியம் நீளம், எது சுற்றிவளைப்பு என்று அவற்றில் இருந்த மென்பொருள் வரிவரியாகச் சொல்லிவிடும்.

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய உதிரிபாகத் தொழிற்சாலையில் அவள் ஸ்டெனோ. மேனேஜர் ஜீவானந்தம் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் அவருக்குக் கோபம் வரும். அவரோ முக்கால் பக்கத்தை ஒரே வாக்கியமாகச் சொல்பவர். அத்தனையும் தப்பு என்றது மென்பொருள். அச்சாகி வந்த குறைப்பட்டியலைப் பார்த்து அவர் அவளைத்தான் பிடித்துக்கொண்டார்.

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணு. இவ்ளோ தப்பாவா அடிப்பே?"

ஒருமுறை துணிந்து, நீளமானதையெல்லாம் உடைத்து எழுதிக் கொடுத்தாள். மென்பொருள் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் திறந்தார்.

"இன்னாமா இது, தந்தி மாதிரி? ஒரு மரியாதை வேணாம்? நான் சொன்னதை அப்படியே அடி."

அப்படியே அடித்தாள். பட்டியல் மறுபடி நீண்டது.

"உனக்கு ஏழரைச் சனி ஷாரோன்," என்றார் கணக்குப் பிரிவு சுப்பிரமணி. "கம்ப்யூட்டர் உள்ளாறயே குந்திகினு கீது."

"எங்க வூட்ல சனியெல்லாம் பாக்க மாட்டாங்கண்ணே."

"நீ பாக்காட்டி இன்னா? அது உன்னப் பாக்குதுல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தகுதிகாண் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. வேலை நிரந்தரமாக மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். "எடுத்துக்கோ," என்று ஆரம்பித்தார். கடிதம் அவள் பெயருக்கே. தட்டச்சில் தொடர்ந்து பிழைகள் காணப்படுவதால் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறதாம். அவளே எழுதிக்கொண்டாள், அவளே அடித்தாள், வழக்கப்படி அவளே மென்பொருளிலும் ஓட்டினாள். பிரிண்டர் கறகறவென்று பக்கம் முழுக்கக் குறைகளைக் கக்கியது.

கடிதத்தையும் பட்டியலையும் மேசையில் வைத்தாள். அவர் பட்டியலைத்தான் முதலில் எடுத்தார்.

"பாரு, இதைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல."

"சார், இதுல என் வார்த்தை ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நீங்க சொன்னது."

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"நோட்டை எடு. கடைசியில ஒரு வரி சேக்கணும். எதிர்த்துப் பேசுற சுபாவம்னு."

ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். வாக்கியம் முடிகிற வழியாக இல்லை. ஷாரோன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.