உப்புப் பார்க்கும் நாக்கு

ஆறுச்சாமி நீல உருளையின் அடிக்குழாயைத் திருகுகிறார். வலக்கையைக் குழித்து, சந்நிதியில் தீர்த்தம் பெறுவார்போல் நீரை ஏந்தி, நுனிநாக்கில் வைத்துக் கண்மூடி நிற்கிறார். பிறகு துப்புகிறார். “இன்னும் கரிக்குதுங்க. ஓடட்டும்.” காத்திருக்கும் கார்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நாக்கு ஒப்புக்கொள்ளும்வரை ஆறுச்சாமி பீச்சுங்குழலைத் தொடமாட்டார்.

வடகரப்பதியில், கோவைக்குப் போகும் சாலையோரத்தில் உள்ளது அவருடைய ‘வாட்டர் சர்வீஸ்’. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்பு கரைந்த சப்பை நீர். அதனால் கழுவிய கறுப்பு வண்டி வெயிலில் உலர்ந்தால் மேனியெங்கும் வெண்புள்ளி அரும்பும். “ஏனுங்க, கழுவச் சொன்னா வண்டிக்கு அம்மை போட்டு அனுப்பியிருக்கீங்க?” என்று ஒருவர் திரும்பி வந்து கேட்டதை இன்றும் சொல்லிக் காட்டுவார். பீச்சுமுனைகள் சுண்ணம் படிந்து அடைத்தன. அழுத்தப் பம்பு அடிக்கடி மூச்சை நிறுத்தியது. அதன் பின்னரே சாப்ட்னர் என்னும் அந்த நீல உருளை வந்து சேர்ந்தது. உள்ளே செறிந்த மணிகள் நீரின் சுண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிப் பற்றி அவை சலித்தபின், உப்புக் கரைசல் பாய்ச்சி அவற்றைக் கழுவவேண்டும். கழுவிய கடுங்கரிப்பு நீரை, கரிப்பு அடங்கும்வரை வெளியேற்றவேண்டும்.

அவ்வுருளைக்கு அவர் இட்ட பெயர் ‘மாப்பிள்ளை’. “மூட்டை மூட்டையா உப்புத் திங்கறானுங்க. போடாம உட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். வேற என்ன பேருங்க வெக்கறது?”

நெற்றி நிறையத் திருநீறு, முழங்கால்வரை ரப்பர்க் காலணி. தெறித்த நீரில் நீறு கலைந்தால், பாதிக் கழுவலில் வேலையை நிறுத்திவிட்டு மீண்டும் இட்டுக்கொள்வார். நீரை மட்டும் வீணே கொட்டமாட்டார். குடித்து மிஞ்சியது ஒரு வாய் நீராயினும், எழுந்து நடந்து ஒரு தென்னையடியில் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சிறுவயதுமுதல் கைக்கு ஏறிய பழக்கம் அது.

அந்தப் பழக்கமே அவரை வீழ்த்தியது. தென்னங்கன்று நடும் குழியில் உப்பிடுவது இப்பக்கத்து உழவர் வழக்கம். காய்ப்பு மரத்தின் தூரிலும் ஒரு கை கல்லுப்பு இடுவார்கள். உருளையைப் பொருத்த வந்தவர்கள், கழிவுநீருக்குத் தளமிட்ட தனிக்குழி வெட்டுமாறு சொல்லிப் போனார்கள். ஆறுச்சாமி சிரித்தார். “தென்னைக்கு உப்பு ஆவாதுன்னு எனக்கேங்களா சொல்றீங்க?” குழாயை நீட்டித் தம் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டார். முதல் பருவத்தில் மட்டைகள் கருகருவென்று தழைத்தன. அயலாரை அழைத்துக் காட்டினார்.

பின்னர் அடிமட்டைகளின் நுனி தீய்ந்தது, குரும்பை உதிர்ந்தது. அளவு மீறிய உப்பில் மண் இறுகி, பெய்த மழையை உள்வாங்க மறுத்து மேலேயே தேக்கி நிறுத்தியது. இறுதியில், தோப்பின் தாழ்ந்த மூலையிலிருந்த கிணறு கரித்தது. அவருக்கும், மறைந்த அண்ணனின் மனைவி கமலாத்தாளுக்கும் பொதுவான கிணறு அது. சுற்றிலும் சப்பை நீரே ஊறும் நிலத்தில் அது ஒன்றே இனித்துக் கிடந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரின் முதல் தீர்த்தக்குடம் அதில்தான் முகப்பார்கள். இவ்வாண்டு குடம் வேறொரு கிணற்றுக்குப் போயிற்று. காரணத்தை எவரும் அவரிடம் கூறவில்லை, அவரும் கேட்கவில்லை. கொட்டு முழக்கம் வாசலைக் கடந்தபோது பம்பை ஓட்டிக் காதை அடைத்துக்கொண்டார் என்கிறார்கள்.

நான் சென்றிருந்த அன்று கமலாத்தாள் செம்பில் நீர் கொணர்ந்தார். கொழுந்தனாரைப் பாராமல் என்னிடம் பேசினார்.

“குடிச்சுப் பாருங்க தம்பி. எங்கூட்டுல இப்பச் சோத்துக்கு உப்புப் போடறதில்லீங்க. கெணத்துலயே போட்டுட்டாங்க.”

“நங்கை, வந்தவிய முன்னால எதுக்குங்க...” என்றார் ஆறுச்சாமி. அண்ணியை அவ்வூரில் அப்படித்தான் அழைப்பார்கள்.

“உப்புத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாங்க. இங்க தின்னது உங்க மாப்பிள்ளை. குடிக்கறது மட்டும் நானுங்களா?”

“அதான் குழி வெட்டித் தளம் போட்டுட்டனுங்களே.”

“ஆமாங்க கொழுந்தனாரே. செத்த பொறவு வைத்தியனுக்கு ஆளனுப்புங்க.”

கமலாத்தாள் உள்ளே போனபின், உருளையை ஏன் இன்னும் கழற்றவில்லை என்று கேட்டேன். ஆறுச்சாமி கைத்துண்டைப் பிழிந்தார்.

“தோப்பு போச்சுங்க. இனி இந்த வண்டி கழுவறதுலதான் ரெண்டு ஊடும் சோறு திங்கோணும். நங்கைக்குக் குடிக்கற தண்ணி லாரியில வருது. அதுக்கும் காசு இதுலதானுங்க எடுக்கோணும். மாப்பிள்ளையத் தொரத்திட்டா வண்டிக்குப் புள்ளி உழுகும். புள்ளி உழுந்தா எவனுங்க வருவான்?”

சாலையில் ஒரு கார் ஒதுங்கி ஒலியெழுப்பியது. அவர் எழவில்லை. நான் வாய் வைக்காமல் ஏந்தியிருந்த செம்பைக் கண்டு, அதை மெல்ல வாங்கிக்கொண்டார். எந்நீரையும் நாவில் வைத்துப் பார்ப்பவர், இந்நீரை மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. பழக்கம் இழுக்க, எஞ்சி நின்ற ஒரு தென்னையை நோக்கி நடந்தார். அடிமரத்தருகே குனிந்தார், செம்பு சாய்ந்தது, விளிம்பில் நீர் திரண்டது. சட்டென நிமிர்த்தினார். ஒரு துளி விழுந்த இடத்தைக் காலால் தேய்த்தார். பிறகு திரும்பி வந்து, கார் கழுவும் சிமெண்டுத் தளத்தின் நடுவில், ஓசையெழாமல் ஊற்றினார்.